அறுபத்திரண்டு வெள்ளைச் சேலைகள்

சபை மண்டபத்தின் கதவைத் தள்ளியதும் பிரவின்ராஜின் கண்ணில் பட்டது வெள்ளைதான். நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின்மேல் வெள்ளைச் சேலைகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்தவை. ஏப்ரல் மாதத்து வெயில் சன்னல் வழியாக வந்து அவற்றின்மேல் விழ, மண்டபத்துக்குள் பனி பெய்து கிடப்பதுபோல இருந்தது. பனியை அவன் புத்தகங்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

“அறுபத்திரண்டு,” என்றார் ரத்னாபாய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “ஒண்ணுகூட கிழிசல் கிடையாது. எல்லாத்தையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாச்சு. எப்பிடியிருக்கு மக்களே?”

“நல்லாருக்கு மாமி,” என்றான். 

ரத்னாபாய் கரமனையில் தையல்கடை வைத்திருப்பவர். திருவனந்தபுரத்தில் இருக்கும் இந்தச் சின்னத் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு அவர்தான் தலைவி. இங்கே நடந்த கல்யாணங்களில் பாதிக்கு, மணப்பெண்ணின் வெள்ளைச் சேலைக்கு ஜாக்கெட் தைத்தது அவர் கை. ஒரு காரியம் சரியென்று அவருக்குப் பட்டுவிட்டால் பிறகு யாரும் குறுக்கே நிற்க முடியாது. இப்போது அவருக்குச் சரியென்று பட்டிருப்பது இந்த அறுபத்திரண்டு சேலைகள். செவ்வாய்க்கிழமை இவை, விடுப்பு முடிந்து திரும்பும் பிரவின்ராஜோடு கொழும்புக்கு விமானம் ஏறும். அங்கிருந்து, போன டிசம்பரில் கடல் உள்ளே வந்து போன ஊர்களுக்குப் போகும்.

எல்லாவற்றுக்கும் காரணம், சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த புகைப்படம். ஒரு பள்ளிக்கூட வராந்தா. முப்பது வயதிருக்கும் ஒரு பெண், மெல்லிய சரிகைக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். பக்கத்தில் பாதி உடம்போடு பிரவின்ராஜ், சிரித்துக்கொண்டு. படத்துக்குக் கீழே ‘ஆறுதல் பெற்ற ஒரு சகோதரி, இலங்கை, 2005’ என்று அச்சடித்திருந்தது. அந்த வரியை எழுதி அனுப்பியவன் அவன்தான். அந்தச் சேலை ரத்னாபாயின் கல்யாணச் சேலை.

“வாற ஆளுங்ககிட்டயெல்லாம் மாமி இந்தப் படத்தக் காட்டித்தான் சீல வாங்கினது,” என்றாள் ஷாலு. கல்லூரியில் படிக்கும் பெண். பொட்டலம் கட்டச் சணல் கயிற்றை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். “ஓட்டோக்காரங்க வரைக்கும் பாத்தாச்சு. நீங்க இப்ப ஃபேமஸ் ஆக்கும் சேட்டா.”

“கொளச்சல்ல இல்லாத கஷ்டமா? இங்கிருந்து ரெண்டு மணிநேரம். அத விட்டுட்டு பிளேன் ஏறணுமாம்,” என்று பொன்செல்வி முணுமுணுத்தாள். அவளுடைய வாய் முணுமுணுத்தாலும் கை மடித்துக்கொண்டுதான் இருந்தது.

பிரவின்ராஜ் அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க சணல் கயிற்றைப் பார்த்தான்.

பழவங்காடியில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஒரு வருடத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு ஒரு சிறிய மிஷனரிச் சங்கத்தில் சேர்ந்தான். ஊழியம் என்றால் தூர தேசம், மரக்கலம், அறியாத மனிதர்கள் என்று இரவல் வாங்கிப் படித்த புத்தகங்களிலிருந்து ஒரு கனவு அவனுக்குள் ஊறியிருந்தது. சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவும், பத்து நிமிடம் பிரசங்கம் பண்ணவும் பயிற்சி கொடுத்தார்கள். சுனாமி வந்ததும், தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஜனவரி முதல் வாரத்திலேயே அவனை மட்டக்களப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். தூர தேசம் ஒரு மணிநேரத்தில் வந்துவிட்டது. அங்கே போனபிறகுதான், முந்நூறு பேர் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசை போடுவது எப்படி என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்று தெரிந்தது.

முதல் மூன்று நாட்கள் அவன் செய்ததில் பாதி தப்பு. பால்மாவைக் கொடுத்தான், கலக்கச் சுத்தமான தண்ணீர் இல்லை. பாயைக் கொடுத்தான், விரிக்க இடம் இல்லை. எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வந்த பெட்டிகளைத் திறந்தால் கம்பளிச் சட்டைகளும் கோட்டுகளும் கழுத்துப்பட்டைகளும் இருந்தன. வேர்வை ஆறாக ஓடும் ஊரில் கம்பளி. “கொஞ்சமாவது யோசிச்சு அனுப்ப மாட்டாங்களா?” என்று அவன் கூட இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தான்.

நாலாம் நாள் தன் சபையின் மூட்டையைப் பிரித்தான். வெவ்வேறு நிறச் சேலைகள், பாவாடைகள், அடியில் தனியாகக் காகிதம் சுற்றி ரத்னாபாயின் கல்யாணச் சேலை. முந்தானையின் உள்பக்கம் சிவப்பு நூலில் ‘ர.பா. 1976’ என்று தைத்திருந்தது. இதை யாருக்காவது சும்மா எடுத்து நீட்டிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த முகாமில் பூமாரி என்று ஒரு பெண் இருந்தாள். கிழிந்த பாவாடையும் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையும் மட்டும்தான் அவளுக்கு உடுப்பு. கடலுக்குப் போன புருசன் திரும்பவில்லை. தினமும் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடந்து போவாள். அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் பிரேதங்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அவன் அதில் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கிட்டத்தட்டத் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்து, சமையல் கொட்டகையில் வெங்காயம் உரிப்பாள். பிரவின்ராஜுக்கு ஒரு கோப்பைத் தேநீர் எடுத்து மூடி வைப்பாள். அவளுக்குத்தான் இது என்று அவன் முடிவு செய்தான்.

வரிசையில் அவள் முறை வந்ததும், அடியில் வைத்திருந்ததை உருவி எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தான். பூமாரி வாங்கினாள். பிரித்தாள். 

“தம்பி,” என்றாள் மெதுவாக, “வேற நிறம் கிடக்கா?”

இருந்தது. மூட்டையில் பச்சை இருந்தது, ஊதா இருந்தது, சிவப்பில் புள்ளி போட்டது இருந்தது. ஆனால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. வெயில் தலையைப் பிளந்தது. அவன் ஆசையாக எடுத்து வைத்ததை அவள் வேண்டாம் என்கிறாள். அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

“அக்கா, இது கடை இல்ல.”

வரிசை சிரித்தது. பத்துப் பன்னிரண்டு நாட்களாக அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் சிரித்திருக்கவில்லை. தன்னால்தான் அந்தச் சிரிப்பு வந்தது என்று அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை அவன் இன்றுவரை மறக்கவில்லை. பூமாரியும் லேசாகச் சிரித்தாள். சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை அதைத்தான் உடுத்திருந்தாள். வேறு இல்லை. அவன் அவளை வராந்தாவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஒரு வான் வந்து நின்றது. வேறு முகாமிலிருந்து, சொந்தக்காரர்களைத் தேடி வந்தவர்கள். அதிலிருந்து பூமாரியின் மாமியார் இறங்கினாள். மகனைப் பற்றி மருமகளிடம் ஏதாவது சேதி இருக்குமா என்று கேட்க வந்தவள், வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தாள். பூமாரி வெள்ளைச் சேலையில் நடந்து வருவதைப் பார்த்தாள்.

“என்ட பிள்ளைய எங்க புதைச்சீங்க?” என்று அந்தக் கிழவி போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் கிளம்பிப் பறந்தன. “எனக்கு ஒரு சொல் அனுப்பினீங்களா? முகத்த ஒருக்காக் காட்டினீங்களா?”

“இல்ல மாமி, இல்ல! இது நிவாரணத்துல தந்த சீலை! அவர் வருவார் மாமி!” என்று பூமாரி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். யார் காதிலும் அது ஏறவில்லை. ஒருத்தி அழ ஆரம்பித்ததும் இன்னொருத்தி அழுதாள். ஆளுக்கொரு சாவை வைத்துக்கொண்டு அழ இடம் இல்லாமல் இருந்தவர்கள் அத்தனை பேரும் அன்றைக்குப் பூமாரியின் புருசனுக்காக அழுதார்கள். சாயங்காலம் அவளைச் சுற்றி, சாவு வீட்டில் உட்காருவது போலப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு பூமாரி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்து வெறுமையாக இருந்தது. யாராவது கழற்றச் சொன்னார்களா, அவளேதான் கழற்றினாளா, பிரவின்ராஜ் கேட்கவில்லை. அவளும் அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எப்போதும் போலத் தேநீர் கொண்டுவந்து மூடி வைத்தாள். அதுதான் அவனால் குடிக்க முடியாத தேநீராகப் போயிற்று. அந்த வாரக் கடைசியில், நகரத்தில் சாமான் கிடங்கு வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அவன் முகாமை விட்டுப் போய்விட்டான்.

பிப்ரவரியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது: சபைக்கு ஒரு படம் அனுப்பு. கழுவி வைத்திருந்தவற்றில் முகம் தெளிவாக விழுந்தது அந்த ஒன்றுதான். எல்லாம் நடந்து முடிந்தபிறகு, எல்லாம் தெரிந்தே, அதை உறையில் போட்டான்.

“சேட்டா, கேக்கிறீங்களா?” ஷாலு அவன் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். பிறகு ரத்னாபாயின் பக்கம் திரும்பினாள். “மாமி, எல்லாம் வெள்ளையா இருக்கே. கொஞ்சம் கலர் சீலையும் வச்சா என்ன? எல்லாருக்கும் வெள்ள பிடிக்கணும்னு இல்லல்லோ.”

“சும்மா கிடைக்கதுல கலரு பாப்பாளுகளா?” என்றாள் பொன்செல்வி. “இது என்ன கடையா?”

பெண்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு. கள்ளம் இல்லாத, வேலை செய்து களைத்த மனிதர்களின் சிரிப்பு. பிரவின்ராஜ் மேசையைப் பிடித்துக்கொண்டான். கைக்கு அடியில் கஞ்சி போட்ட துணி மொரமொரவென்று நசுங்கியது.

“மாமி,” என்றான். “இத அனுப்ப வேண்டாம்.”

“என்னது?”

“இந்தச் சீல எதையும் அனுப்ப வேண்டாம்.”

அவன் சொன்னான். நின்றுகொண்டே, கோர்வையில்லாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னான். கடை இல்லை என்று சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது. பொன்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். படத்தை எப்போது அனுப்பினான் என்பதையும் மறைக்காமல் சொன்னான். 

கணக்குப் புத்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்த போதகர் தாசையன் முதலில் எழுந்து வந்தார். நல்ல மனிதர், யாருடைய மனமும் நோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். அவன் தோளில் கை வைத்தார்.

“தெரியாம செஞ்சதுதானே தம்பி. நமக்கு வெள்ளன்னா ஆலயம், கல்யாணம். இந்த ஊர்ல ஓணத்துக்கு எல்லாரும் உடுக்கதும் வெள்ளதான். நீ எப்பிடி அறிவே? ஆண்டவருக்குத் தெரியும்.”

“தெரியாம இல்ல ஐயா,” என்றான் பிரவின்ராஜ். “வலியசாலையில நான் மூணு வருஷம் டியூஷன் படிச்சேன். சாரோட அம்மா வாலாம்பாள் மாமி வெள்ளதான் உடுத்துவாங்க. ஏன்னு எனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. முகாம்ல அந்த அக்கா நிறம் கேட்டப்பவே எனக்கு எங்கயோ தட்டிச்சு. ஆனா வரிசை நின்னுச்சு.”

போதகர் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்போ நாங்க தெரியாம குடுத்தோம்,” என்றாள் பொன்செல்வி. அவள் குரலில் கோபமா பயமா என்று தெரியவில்லை. “நீ தெரிஞ்சு குடுத்தே. அதானே?”

“ஆமாக்கா.”

ரத்னாபாய் சுவரைக் கை காட்டினார். “அந்தப் படத்த எறக்கு,” என்றார்.

அவன் நாற்காலி போட்டு ஏறி, இறக்கிக் கொடுத்தான். ரத்னாபாய் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சேலையில் கிழிசல் பார்ப்பது போலவே.

“இவ பேரு என்ன?”

“பூமாரி.”

“ரெண்டு மாசமா பேரு தெரியாம இவளுக்கு ஜெபம் பண்ணிட்டு இருக்கோம்.” படத்திலிருந்து கண் எடுக்காமல் சொன்னார். “இவ முகத்தப் பாத்தியாலே? இது ஆறுதல் கிடைச்ச முகமா? நானும் பாக்கல்ல. இத்தன நாளும் நான் எனக்க சீலையைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்.”

படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“செவ்வாய்க்கிழம அங்கயா போறே?”

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். “இல்ல மாமி. தெற்குப் பக்கம் வேற ஒரு எடம். நான்தான் கேட்டு மாத்தி வாங்கினேன்.”

“கொள்ளாம்,” என்றார் ரத்னாபாய். மலையாளத்தில் அந்த ஒரு சொல், நல்லது என்றுதான் அர்த்தம். அவர் சொன்ன விதத்தில் அது கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது.

பிறகு என்ன செய்வது என்று பெண்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சாலைக் கடைத்தெருவில் சாயப்பொடி வாங்கி முக்கிவிடலாம் என்றாள் ஷாலு. பாதிக்குமேல் பாலியெஸ்டர், சாயம் பிடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும் என்றார் ரத்னாபாய். இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் போதகர்.

“வேண்டாம் ஐயா,” என்றார் ரத்னாபாய். “ஒரு காரணம் சொல்லி வாங்கினோம். அந்தக் காரணம் சரியில்லன்னு ஆச்சு. அவங்கவங்க வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு குடுக்கணும். ஏன்னும் சொல்லணும்.” அவனைப் பார்த்தார். “நீயும் வா. நீதான் சொல்லணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பினார்கள். திங்கள் மாலை வரை ஆயிற்று. கரமனை, நேமம், பாப்பனங்கோடு என்று நாற்பத்தொரு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் பிரவின்ராஜ் அதையே சொன்னான். ஒரு வீட்டில் முழுவதும் கேட்காமலே காப்பி கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டில், குடுத்ததைத் திருப்பி வாங்குவது மரியாதை இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். நேமத்தில் ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, “நல்ல சாட்சி தம்பி, நல்ல தாழ்மை,” என்றார். அன்றைக்குக் கேட்டதிலேயே அதுதான் அவனைக் கூசச் செய்தது. எத்தனை வாசலில் சொன்னாலும் மனதின் பாரம் குறையவில்லை. சொல்லச் சொல்ல வார்த்தைகள் வழவழப்பாகிக்கொண்டே போனதுதான் மிச்சம். இருபதாவது வீட்டுக்குமேல், எந்த இடத்தில் குரல் கம்ம வேண்டும் என்பதுகூட அவனுக்கு வாடிக்கையாகிவிட்டது. அதைக் கவனித்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது.

கடைசி வீட்டை முடித்துக்கொண்டு பழவங்காடிக்குப் போய், கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு டெலிபோன் பூத்துக்குள் நின்று கொழும்பு அலுவலகத்தைக் கூப்பிட்டான். பழைய முகாமுக்கே போகிறேன் என்றான். அங்கே இப்போது பெரிய வேலை ஒன்றும் இல்லையே என்றார்கள். “ஒருத்தங்களப் பாக்கணும்,” என்றான். சரி என்றார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது. மூன்று மாதமாக அவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை விமான நிலையத்துக்கு ரத்னாபாய் வந்தார். கையில் பெரிய பை ஒன்றும் இல்லை. பூமாரிக்கென்று நல்ல நிறத்தில் ஒரு சேலை கொடுத்தனுப்புவார் என்று அவன் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தான். அப்படி ஒன்று கையில் இருந்தால் அவள் முன்னால் போய் நிற்பது கொஞ்சம் எளிதாக இருக்கும்.

“சீலையா?” என்றார் ரத்னாபாய், அவன் பார்வையைப் படித்துவிட்டு. “நானும் நீயும் ஒருதடவ தெரிஞ்செடுத்துக் குடுத்தது மதி, போதும்.”

கைப்பையைத் திறந்து, ஒரு பெரிய ஊக்கில் கோத்த துணித் துண்டுகளை எடுத்தார். தையல்கடையில் வெட்டி மிச்சமானவை, விரல் நீளத்துக்கு ஒவ்வொன்று. பச்சை, ஊதா, மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, வெங்காய நிறம். இருபது இருக்கும்.

“இத அவ கையில குடு. நீ ஒண்ணும் பேசாதே. அவ தொட்டுக் காட்டட்டும். எந்த நிறம்னு எனக்கு எழுது. நான் எடுத்து அனுப்புறேன்.”

அவன் வாங்கிக்கொண்டான். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

“மாமி, இப்ப அவங்க… இப்ப அவங்க வெள்ளையே போதும்னு சொல்லிட்டா?”

ரத்னாபாய் ஊக்கை அவன் கையிலிருந்து திரும்ப வாங்கினார். கைப்பைக்குள் துழாவி, தன் கைக்குட்டையை எடுத்து, பல்லால் ஓரத்தைக் கடித்து, ஒரு வெள்ளைத் துண்டைக் கிழித்தார். அதை மற்றத் துண்டுகளுக்குக் கடைசியில் கோத்து, ஊக்கை மூடிக் கொடுத்தார்.

“அதையும் அவதான் சொல்லணும்,” என்றார். திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

உள்ளே, பரிசோதனை மேசையில் பிரவின்ராஜின் சட்டைப்பைக்கு நேரே காவலரின் கருவி கீச்சென்று சத்தம் போட்டது. காவலர் அவனை நிறுத்தி, ஊக்கை வெளியே எடுத்தார். தூக்கிப் பிடித்ததும் நிறங்கள் விசிறி போல விரிந்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எந்தா மோனே, துணிக்கடையாணோ?”

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்ணும் சிரித்தாள். பிரவின்ராஜும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கையை நீட்டியபடி, அதைத் திருப்பித் தருவதற்காகக் காத்து நின்றான்.